இடி கட்சி, புயல் கட்சி

ஊக்குவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் வகுப்பில் யாரையாவது நிறுத்தி அந்தப் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள்.

அவளுடைய அப்பா தையல்காரர். அதனால் அவள் காலருக்கு உள்பக்கம் எப்போதும் ஒரு ஊக்கு குத்தியிருக்கும். செருப்பு வார் அறுந்தவர்கள், பை ஜிப் போனவர்கள், சட்டைப் பொத்தான் தெறித்தவர்கள் எல்லோரும் அவளிடம்தான் ஓடி வருவார்கள். "ஊக்கு இருக்கா, ஊக்கு இருக்கா" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவளே ஊக்கு ஆகிவிட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு சங்கடம். குரல் வெளியே வராது. டீச்சர் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் டீச்சர்" என்று முழு பலத்தோடு சொல்வாள். அது முன் பெஞ்சைக்கூடத் தாண்டாது.

"இன்னிக்கும் வரலையா இந்தப் பொண்ணு?" என்று டீச்சர் பேனாவைத் திறப்பார்.

"வந்திருக்கா டீச்சர்!" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பும். ஜன்னல் கண்ணாடி ஒரு முறை அதிரும். அதுதான் இடி.

இடி மட்டும் இல்லையென்றால், அந்த வருடம் முழுக்க ஊக்கு பள்ளிக்கே வராதவள் ஆகியிருப்பாள். தினமும் காலையில் அந்தக் குரலைக் கேட்கும்போது ஊக்குவுக்கு மனசுக்குள் இதமாக இருக்கும். இப்படி ஒரு தோழி கிடைத்ததற்கு என்ன செய்தாலும் தகும் என்று நினைத்துக்கொள்வாள்.

அப்போதுதான் வகுப்புத் தலைவர் தேர்தல் வந்தது. கூடவே வந்தது வினை.

இடி தேர்தலில் நின்றாள். அவளை எதிர்த்து நின்றவள் புயல். புயல் நடந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடுவதுகூட ஓட்டம்தான். ஒரு காலில் செருப்பும் மறு காலில் ஷூவுமாகப் பள்ளிக்கு வந்த பெருமை அவளுக்கு உண்டு.

"ஒரு பக்கம் இடி, ஒரு பக்கம் புயல். நான் பாடம் நடத்தறதா, குடை பிடிக்கிறதா?" என்றார் டீச்சர்.

இரண்டே நாளில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. இடி கட்சிக்காரர்கள் ஜன்னல் பக்கம். புயல் கட்சிக்காரர்கள் கதவுப் பக்கம். அந்தக் கட்சிப் பென்சிலை இந்தக் கட்சி ஷார்ப்னர் சீவாது. கதவுப் பக்கத்தார் சொன்ன ஜோக்குக்கு ஜன்னல் பக்கத்தார் சிரிக்கக் கூடாது. ஒரு பையன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, "இருமல் டீச்சர்" என்று சமாளித்தான்.

டீச்சர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கட்சி கட்சின்னு கத்தறீங்களே, கட்சின்னா என்னன்னு யாருக்காவது தெரியுமா?"

"கொடி டீச்சர்!"

"மைக் செட் டீச்சர்!"

"ஒரே கார்ல பத்து பேர் போறது டீச்சர்!"

"நல்லா இருக்கு உங்க அறிவு. இந்தச் சொல் எங்கேருந்து வந்தது, முதல்ல அதுக்கு என்ன அர்த்தம், யார் கண்டுபிடிச்சிட்டு வர்றீங்க? தேர்தல் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் படிக்கணும்."

வகுப்பு முழுவதும் மின்விசிறியை ஆராய்ச்சி செய்யத் தொடங்கியது. குனியவும் தெரியாமல் நிமிரவும் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த ஊக்கு அகப்பட்டுக்கொண்டாள்.

"கவலைப்படாத. நீ மெதுவாப் படி. நான் பக்கத்துல நின்னு திருப்பிச் சொல்றேன்" என்றாள் இடி. "ஆனா ஒண்ணு. நீ என் கட்சிதானே?"

"ஆமா. அதுல என்ன சந்தேகம்?"

"அப்போ புயல்கிட்ட நீ பேசவே கூடாது. அவளுக்கு ஒரு உதவியும் பண்ணக் கூடாது. பண்ணினே, அப்புறம் நமக்குள்ள பேச்சே கிடையாது."

இடி பேசாத பள்ளிக்கூடத்தை ஊக்குவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டாள்.

ஊக்குவின் வீட்டு முன்னறைதான் அப்பாவின் தையல் கடை. ஒரு மிஷின், ஒரு நீள மேஜை, ஆள் உயரக் கண்ணாடி. சுவரில் இரண்டு ஆணிகள். கதவுப் பக்க ஆணியில் தைத்து முடித்த உடுப்புகள் தொங்கும். ஜன்னல் பக்க ஆணியில் இருப்பவை முடியாதவை. அவற்றில் கையும் கழுத்தும் பெயருக்கு ஒரு நூலால் கோத்திருக்கும். போட்டுப் பார்த்து, சரியாக இருந்தால்தான் அப்பா மிஷினில் அடிப்பார். வெள்ளைத் துணி என்றால் நீல நூலில் கோப்பார். பிறகு தேடி உருவ அதுதான் வசதி.

அன்று மாலை வக்கீல் அக்கா கறுப்புக் கோட்டைப் போட்டுப் பார்க்க வந்திருந்தார்.

"சீக்கிரம் மாஸ்டர். என் கட்சிக்காரர் வாசல்ல காத்துக்கிட்டிருக்கார்."

ஊக்கு எட்டிப் பார்த்தாள். வாசலில் கையில் ஒரு பையோடு ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கொடியைக் காணோம். மைக்கைக் காணோம்.

"அக்கா, நீங்க எந்தக் கட்சி?"

வக்கீல் அக்கா சிரித்தார். "நான் எந்தக் கட்சியும் இல்லடா கண்ணு. யாருக்காக நான் வழக்காடறேனோ அவர் என் கட்சிக்காரர். அவர் பக்கம் நின்னு நான் பேசறேன், அவ்வளவுதான்."

"கையைக் கொஞ்சம் தூக்குங்க மேடம். கக்கத்துல பிடிக்குதா?" என்று அப்பா இடையில் புகுந்தார். அவருக்கு எந்தக் கட்சியைவிடவும் கோட்டுதான் முக்கியம்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "என்னைக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா? இந்த வீட்டுல எந்தச் சண்டை வந்தாலும் நீ அப்பா கட்சி. நான் மட்டும் தனிக் கட்சி."

ஊக்கு யோசித்தாள். வக்கீல் அக்கா சொன்னதிலும் பக்கம் இருந்தது. அம்மா சொன்னதிலும் பக்கம் இருந்தது. அப்படியென்றால் அந்தப் பக்கம் எங்கேயிருந்து வந்தது?

மறுநாள் மதியம் பள்ளி நூலகத்தில் இருந்த தடிமனான அகராதியைத் தூக்க முடியாமல் தூக்கி மேஜையில் போட்டாள். 'கட்சி' என்ற சொல்லை விரலால் தேடினாள். அதிலிருந்து இன்னொரு பக்கம், அங்கிருந்து மற்றொரு பக்கம் என்று போனாள். கடைசியில் ஓரிடத்தில் விரல் நின்றது. இரண்டு முறை படித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நூலகர் கண்ணாடிக்கு மேலாக முறைத்தும் நிறுத்த முடியவில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா பொத்தான் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். ஊக்கு உள்ளே டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் தடதடவென்று சத்தம்.

"மாமா, என் சட்டையை எடுத்துக்கிட்டேன்!"

புயலின் குரல். அவளுக்குப் போன மாதம் தைத்த வெள்ளைச் சட்டையில் கை இறுக்குகிறது என்று கொடுத்திருந்தாள். ஊக்கு ஈரக்கையோடு வெளியே வந்தபோது வாசல் கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பேசக் கூடாது என்று இடிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. நல்லவேளை, அவளே போய்விட்டாள் என்று ஊக்கு திரும்பவும் டம்ளர் கழுவப் போய்விட்டாள்.

தேர்தல் நாள் வந்தது. டீச்சர் ஊக்குவையும் இரண்டு வேட்பாளர்களையும் வகுப்பின் முன்னால் நிறுத்தினார். "முதல்ல சொல், அப்புறம் உறுதிமொழி, அப்புறம் பேச்சு, அப்புறம் ஓட்டு" என்றார்.

ஊக்கு தாளைப் பிரித்து மெல்லப் படித்தாள். பக்கத்தில் நின்ற இடி ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னாள்.

"வடமொழியில் 'கக்ஷ' என்று ஒரு சொல் இருக்கிறது!" என்று முழங்கினாள் இடி. "கட்சி என்ற சொல் அந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்கிறார்கள்! அந்தச் சொல்லுக்கு முதல் பொருள்..."

ஊக்கு அடுத்த சொல்லைச் சொன்னாள். இடி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"என்னது? அக்குளா?"

அதையும் முழங்கித்தான் கேட்டாள். வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம் என்ற வித்தியாசமே இல்லை. ஒரு பையன் சிரித்துச் சிரித்து பெஞ்சுக்குக் கீழே போய்விட்டான்.

"சிரிக்காதீங்க, அவ சொல்றது சரிதான்" என்றார் டீச்சர். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "மேலே படிம்மா."

"நாம் கக்கம் என்று சொல்கிறோமே, அதுவும் அதே வீட்டுப் பிள்ளைதான்!" என்று இடி தொடர்ந்தாள். "அக்குள் இருக்கும் இடம் உடம்பின் பக்கம்! அப்படியே பக்கம் என்ற பொருள் வந்தது! கட்சி என்றால், ஒருவருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்! கொடியும் மைக்கும் அப்புறம் வந்தவை!"

கைதட்டல் எழுந்தது. புயலும் தட்டினாள். தட்டிவிட்டு, சிரிப்பில் வழிந்த கண்ணைப் புறங்கையால் துடைத்தாள்.

அப்போதுதான் ஊக்கு அதைப் பார்த்தாள்.

புயலின் சட்டையில், கக்கத்துக்குக் கீழே, நீல நூல். பெரிய பெரிய தையல். அதிலும் இரண்டு ஏற்கெனவே விட்டுப்போயிருந்தன. ஊக்குவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்த அவசரக்காரி ஜன்னல் பக்க ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கையைத் தூக்கினால் போதும், சட்டைக் கை தனியாகக் கழன்று வந்துவிடும்.

"புயல், வலது கையை நல்லா உயர்த்தி உறுதிமொழி சொல்லு" என்றார் டீச்சர்.

"கையைத் தூக்காத" என்று ஊக்கு கிசுகிசுத்தாள்.

புயல் முறைத்தாள். "ஏன்? உங்க கட்சி சொன்னா நான் கேக்கணுமா?"

ஊக்கு சும்மா நின்றிருக்கலாம். சும்மா நிற்பது அவளுக்குக் கைவந்த கலை. சட்டை கிழியும், வகுப்பே சிரிக்கும், இடி ஜெயிப்பாள். ஊக்குவை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். உதவி செய்தால்தான் ஆபத்து. இடி அப்புறம் பேச மாட்டாள்.

புயலின் கை மேலே எழுந்தது. நூல் ஒன்று பட்டென்று அறுந்தது.

ஊக்கு யோசிப்பதை நிறுத்திவிட்டாள். ஒரே தாவலில் போய் அந்தக் கையைக் கீழே இழுத்து, தன் கையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

"டீச்சர், ஊக்கு கட்சி மாறிட்டா!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான்.

இடியின் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்ததும் ஊக்குவுக்குக் கண் கலங்கியது. ஆனால் பிடியை விடவில்லை. புயலின் இடது கையிலும் நீல நூல் தெரிந்தது. ஊக்குவுக்கு இருப்பதோ ஒரே உடம்பு.

"இடி, நீ அந்தப் பக்கம் வந்து நில்லு."

"நானா? நான் எதிர்க்கட்சிடி!"

"ஏன்னு கேக்காத. வா."

ஊக்கு இதுவரை இடியிடம் எதையும் கேட்டதே இல்லை. இடி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, விறுவிறுவென்று போய்ப் புயலின் இடது பக்கம் நின்றாள். நின்ற பிறகுதான் நூலைப் பார்த்தாள்.

"ஐயையோ" என்றாள். பிறந்ததிலிருந்து இடி ரகசியக் குரலில் பேசியது அதுதான் முதல் தடவை.

"கூட்டணி! கூட்டணி!" என்று வகுப்பு கூச்சலிட்டது.

"என்ன நடக்குது அங்கே?" என்றார் டீச்சர்.

"ஒரே நிமிஷம் டீச்சர்! பேச்சுவார்த்தை!" என்று இடி முழங்கினாள். மூன்று பேரும் ஒட்டிக்கொண்டே, நண்டு நகர்வதைப் போலப் பக்கவாட்டில் நகர்ந்து கதவு வழியாக வெளியேறினார்கள்.

"எந்த ஆணியிலேர்ந்து எடுத்த?" என்று கேட்டாள் ஊக்கு.

"ஜன்னல் பக்கம்."

"அது போட்டுப் பார்க்கிற ஆணி!"

"எனக்கென்ன தெரியும்? ஆணியில பேரா எழுதியிருக்கு?" என்றாள் புயல். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. "எல்லாரும் பார்த்திருப்பாங்க, இல்ல?"

ஊக்கு காலரிலிருந்து ஊக்கைக் கழற்றி, வலது கையை உள்பக்கமாகச் சேர்த்துக் குத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. இடது கைக்கு ஊக்கு இல்லை.

"நான் பிடிச்சுக்கிறேன். என்ன, நீ பேசும்போது ரொம்ப ஆடாத" என்றாள் இடி.

திரும்பி வந்து புயல் உறுதிமொழி சொன்னாள். வலது கை ஜம்மென்று உயர்ந்தது. பிறகு பேச வேண்டும்.

"நான் மனப்பாடம் பண்ணிட்டு வந்ததெல்லாம் மறந்துபோச்சு" என்றாள். "உண்மையைச் சொல்லிடறேன். நான் அவசரத்துல தைக்காத சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். ஒரு கையை ஊக்கு குத்திவிட்டா. இன்னொரு கையை இதோ, என்னை எதிர்த்து நிக்கிறவ பிடிச்சுக்கிட்டிருக்கா. அவ விட்டிருந்தா இப்போ நீங்க எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருப்பீங்க. அவ ஜெயிச்சிருப்பா. எனக்கு ரொம்ப ரொம்ப நன்றியா இருக்கு. வேற ஒண்ணும் சொல்லத் தோணல."

பிறகு இடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க அவளுக்கே ஓட்டுப் போட்டாலும் சரிதான். ஆனா எனக்குப் போட்டா இன்னும் சந்தோஷப்படுவேன்."

இப்போதும் வகுப்பு சிரித்தது. ஆனால் அது வேறு சிரிப்பு. இடி தன் பேச்சையும் அங்கேயே நின்று, எதிராளியின் சட்டையைப் பிடித்துக்கொண்டே பேசி முடித்தாள்.

சீட்டுகள் வந்தன. ஊக்கு யோசிக்காமல் இடியின் பெயரை எழுதினாள். டீச்சர் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார்.

ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் புயல் ஜெயித்தாள்.

வீட்டுக்குப் போகும்போது ஊக்குவும் இடியும் தெரு முனை வரை சேர்ந்து நடந்தார்கள். ஊக்குவுக்கு ஒவ்வொரு அடியும் கனத்தது.

"என்னாலதான் போச்சு" என்றாள் கடைசியில். "நான் சும்மா இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்ப."

"நீ யாருக்குப் போட்ட?" என்று கேட்டாள் இடி.

"உனக்குத்தான். நான் என்னிக்கும் உன் கட்சிதான். ஆனா அந்த நேரத்துல அவ பக்கத்துல யாருமே இல்லையே."

"தெரியும்."

"என்மேல கோவம் இல்லையா? என்கூடப் பேசுவியா?"

இடி முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் அருகில் வந்தாள்.

"கோவமெல்லாம் என்மேலதான்டி. நான் புயலுக்குப் போட்டுட்டேன்."

"என்னது!"

ஊக்கு போட்ட சத்தத்தில் எதிரே வந்த தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"கத்தாத! அவ நன்றி சொன்னா பாரு, அதைப் பக்கத்துல நின்னு கேட்டேனா, என்னவோ போல ஆயிடுச்சு. சட்டையைப் பிடிச்சிருந்த என் கையை அவ கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா தெரியுமா? அப்புறம் சீட்டு வந்ததும் அவ பேரை எழுதிட்டேன். ஒரு ஓட்டுதானே, அதனால என்ன ஆயிடப் போகுதுன்னு நினைச்சேன்."

ஊக்கு வாய் பிளந்து அவளைப் பார்த்தாள். இப்படி ஒருத்தி தன் பெஞ்சில், தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இடியின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றாள் இடி. "ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நிக்கவெச்சு எனக்குப் பேசச் சொல்லிக்கொடுத்தாரு. எந்த மடையன்டா அந்தக் கடைசி ஓட்டை மாத்திப் போட்டான்னு கேப்பாரு."

"கேட்டா என்ன சொல்லுவ?"

"விசாரிக்கிறேன்னு சொல்லுவேன்."

தோற்றுப்போன கட்சியார் இருவரும் நடுத்தெருவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.